வாழைக்குலைக்குப் பின்னால் தொங்கிய மூலோபாயம்

வங்கிகள் போடும் மூலோபாயத் திட்டங்கள், அதாவது நீண்டகாலத் திட்டங்கள், ஏன் சரிவருவதில்லை என்று கேட்கிறார்கள். நான் வங்கியில் இருந்த காலத்தில் அப்படி மூன்று திட்டங்களைக் கண்டிருக்கிறேன். மூன்றும் கொழும்பிலிருந்து வழவழப்பான புத்தகமாக, ஆங்கிலத்தில் வந்தவை. எங்கள் யாழ்ப்பாணக் கிளையில் அதை முழுதாக வாசித்தவர் முகாமையாளர் மட்டும்தான், அவருக்கும் வாசித்து முடித்த கையோடு இடமாற்றம். அடுத்தவர் வந்து ஊரைப் பழகவே ஒரு வருஷம் போய்விட்டது.

எங்கள் கைக்கு வந்தது இலக்கு மட்டும். ஒருமுறை, மாத முடிவுக்குள் இத்தனை கடைகளுக்கு லங்கா கியூஆர் அட்டை (வாங்குபவர் போனில் ஸ்கேன் செய்து காசு செலுத்தும் குறியீடு உள்ள அட்டை) கொடுத்தாக வேண்டும் என்றார்கள். நானும் புதிதாகச் சேர்ந்த பெடியன் ஒருவனும் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் வெயிலில் அலைந்தோம். பழக்கடை ஐயா ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, காசு எப்ப என்ர கைக்கு வரும்? பின்னேரம் குலைக்காரருக்குக் குடுக்கோணும்" என்றார். தெளிவாகப் பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லித் தந்து அனுப்பவுமில்லை. இரண்டு கிழமை கழித்துப் போனால் அட்டை கதலிக்குலைக்குப் பின்னால் தொங்குகிறது. ஆனால் தலைமையகக் கணக்கில் இலக்கு எட்டியாயிற்று, ஏனென்றால் அவர்கள் எண்ணியது அட்டைகளை, அதில் நடந்த கொடுக்கல் வாங்கலை அல்ல. எதை எண்ணுகிறார்களோ அதைத்தானே கிளை செய்யும்?

வெளியிலிருந்து விழும் அடியும் உண்டு, அதை மறுக்கவில்லை. 2013 ஏப்ரலில் தங்க விலை சடாரென்று இறங்க, வாங்கிய கடனைவிட நகையின் பெறுமதி குறைந்து பலர் மீட்கவே வரவில்லை. அடைவை, அதாவது நகையை ஈடு வைத்துக் கொடுக்கும் கடனை, நம்பி வளர்ச்சி போட்டிருந்த வங்கிகள் திணறின. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. அதற்கு முன் போட்ட கடன் திட்டம் எதுவும் அதைத் தாங்கியிராது.

ஆனால் எல்லாவற்றையும் அந்த அடிகளின் தலையில் கட்டவும் முடியாது. எங்கள் பக்கத் தோட்டக்காரர் பலர் வெங்காயம் நடமுன் நகையை அடைவு வைத்து, விற்ற காசில் மீட்பவர்கள். அவர்கள் மீட்கிற காலாண்டில் அடைவு நிலுவை குறையத்தான் செய்யும். அதற்கும் கொழும்பிலிருந்து போனில் ஏச்சு விழும். அடைவுக் கவுண்டரில் இருந்த அக்கா, எந்த ஊர்ச் சனம் எந்த மாதம் மீட்க வரும் என்று ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் எழுதி வைத்திருந்தா. நான் விலகும்வரை அதை வாங்கிப் பார்த்தவர், தேநீர் கொண்டுவருகிற பெடியன் மட்டும்தான்.