வாசல் வரை

ஜனவரி 18

பாலியல் வன்முறைத் தடுப்புக் குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்துவிட்டேன். இன்று முதல் பயிற்சி.

"அவள் ஏன் கத்தவில்லை என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்றார் பயிற்சி தருபவர். எனக்குப் பதில் வரவில்லை. நானே அப்படி நினைத்ததுண்டு. பயத்தின் உச்சத்தில் உடம்பு தானாகவே உறைந்துபோகுமாம். கை கால் அசையாது, குரல் எழும்பாது. ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களைப் பற்றிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. அவர்களில் 70 விழுக்காட்டினர் அப்படி உறைந்துபோனவர்கள். இனி அந்தக் கேள்வியை என் முன்னால் யாரும் கேட்டால் சும்மா இருக்க மாட்டேன்.

ஜனவரி 25

இன்று ஒரு சக்கரத்தின் படம் காட்டினார்கள். அமெரிக்காவின் டுலூத் நகரில், துணையிடம் அடிபட்ட பெண்கள் சொன்னதை வைத்து 1984இல் உருவாக்கியது. நடுவில் அதிகாரம், கட்டுப்பாடு. வெளி வளையத்தில் அடி, உதை, பாலியல் வன்முறை. இடையில் எட்டு ஆரங்கள்: மிரட்டுவது, தனிமைப்படுத்துவது, பணத்தைத் தன் கையில் வைத்துக்கொள்வது என்று போகிறது. அடி விழாத நாளிலும் சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

பார்க்கப் பார்க்க என் அறைத்தோழி நினைவுக்கு வந்தாள். அவளுடைய போன் பாஸ்வேர்டு அவள் காதலனிடம் இருக்கிறது. எங்கே போனாலும் போட்டோ அனுப்ப வேண்டும். "எவ்வளவு பாசம்!" என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 3

(இதிலிருந்து வரும் பக்கங்களை அன்றன்றே வெளியிடவில்லை. அவனிடமிருந்து விலகி, பாதுகாப்பாக இருக்கும்போது, "இப்போது போடு" என்று அவளே சொன்னாள். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டேன்.)

இரவு அவளாகவே பேச ஆரம்பித்தாள். கையை முறுக்கினானாம். பத்து நிமிடம்கூட நான் பொறுமையாகக் கேட்கவில்லை. "முதலில் அவனை விட்டு வா, நாளைக்கே புகார் கொடுப்போம், நானே எழுதித் தருகிறேன்" என்று அடுக்கிக்கொண்டே போனேன். சரி, சரி என்றாள். அப்புறம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பிப்ரவரி 4

பெயர் சொல்லாமல் பயிற்சி தருபவரிடம் கேட்டேன். "அவளுக்காக அவன் முடிவெடுக்கிறான். நேற்று நீங்களும் அதைத்தானே செய்தீர்கள்?" என்றார். உறவை முறித்துக்கொண்டு வரும் நேரம்தான் பல பெண்களுக்கு மிகவும் ஆபத்தான நேரம் என்றும் சொன்னார். நானோ எந்த ஏற்பாடும் இல்லாமல் "விட்டு வா" என்றிருக்கிறேன். இரவு தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 6

மன்னிப்புக் கேட்டேன். "நீ சொல்வதை நம்புகிறேன். இது உன் தவறில்லை. இப்போது உனக்கு என்ன வேண்டும்?" அவ்வளவுதான் கேட்டேன். புகார் வேண்டாமாம். லொகேஷனை நிறுத்தினால் அவனுக்குத் தெரிந்துவிடுமா என்பதுதான் அவள் கவலை. தெரிந்துவிடும் என்பதால் இப்போதைக்கு அதைத் தொடவில்லை. எங்களுக்குள் ஒரு சொல் வைத்துக்கொண்டோம். அது வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி நான் உடனே அழைக்க வேண்டும்.

பிப்ரவரி 15

விழா இரவு. நிற்கவே முடியாத ஒரு ஜூனியரை ஒருவன் தனியே அழைத்துப் போகப் பார்த்தான். எங்கள் குழுப் பையன் குறுக்கே போய் "உன் தோழிகள் உன்னைத் தேடுகிறார்கள்" என்றான். சண்டை இல்லை. நாங்கள் அவளைத் தோழிகளிடம் சேர்த்தோம்.

மார்ச் 2

இன்று காலை அவளே கேட்டாள்: "கவுன்சிலரைப் பார்க்கணும். வாசல் வரை வருவியா? உள்ளே நான் மட்டும் போறேன்."

ஐம்பது நிமிடம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார்களாம்.