அம்மாவின் பசு: ஹராரே நாட்குறிப்பு

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

ஜகரந்தா பூத்துக் கொட்டுகிற மாதம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் வார இறுதி வந்தால் ஜிம்பாப்வேயின் தலைநகரான இந்த ஹராரேவில் எங்காவது ஒரு ரோரா, அதாவது பெண் கேட்டுப் பரிசம் கொடுக்கும் சடங்கு. ஷோனா மக்களுக்கு நவம்பர் ‘ம்புட்சி’ மாதம். அப்போது கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள், முன்னோருக்கான சடங்கும் செய்ய மாட்டார்கள். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எல்லா வீட்டிலும் பரபரப்பு. பக்கத்து வீட்டுப் பெரிய பெண்ணைக் கேட்டு 26ஆம் தேதி வருகிறார்கள். சடங்கு முரேவாவில் உள்ள சொந்த ஊரில். “நீயும் வந்துவிடு மகளே, அடுப்படிக்கு ஆள் வேண்டும்” என்றார் அந்த வீட்டு அம்மா.

முதலில் விசாரித்தது குலத்தைத்தான். பெண் வீட்டார் ஷும்பா, சிங்கக் குலம். மாப்பிள்ளை மோயோ, அதாவது இதயம். எந்த விலங்கின் இதயத்தையும் அவர்கள் தின்ன மாட்டார்கள். இரண்டு பேரும் ஒரே குலமென்றால் அண்ணன் தங்கை முறை ஆகிவிடும். அதையும் மீறிக் கட்டிக்கொண்டால், உறவை வெட்டுவதற்கென்றே தனியாக ஒரு மாடு கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 12, சனி

சிட்டுங்விசாவிலிருந்து தேதே வந்திருக்கிறார். மணப்பெண்ணின் அப்பாவுக்கு அக்கா. பெண் தன் மனதில் இருப்பதைப் பெற்றவர்களிடம் நேராகச் சொல்வது வழக்கமில்லை, தேதேயிடம்தான் சொல்வாள். மாப்பிள்ளையையும் முதலில் பார்த்தவர் அவரே. வந்ததும் மருமகளை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே சித்தப்பா வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு ஒரு கோட்-சூட், ஒரு தொப்பி, அம்மாவுக்கு உடை, அப்புறம் எண்ணெய், சர்க்கரை, மக்காச்சோள மாவு என்று மளிகை. ருசாம்போ என்கிற பெரிய தொகையும் மாடுகளின் விலையும் அமெரிக்க டாலரில். ஏப்ரலில் வந்த ஸிக் நாணயத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லை. போன மாதக் கடைசியில் ஒரே நாளில் அது நாற்பது சதவீதத்துக்கு மேல் மதிப்பிழந்தது. அதில் யார் பேரம் பேசுவார்கள்?

பெண் பட்டதாரி, அதனால் தொகையைக் கூட்ட வேண்டும் என்றார் சித்தப்பா. கதவைத் திறந்துகொண்டு வந்த தேதே, “படிக்க வைத்த செலவுக்கு ரசீது எழுதுகிறாயா?” என்று ஒரே போடு போட்டார். தொகை குறைந்தது. அந்தக் குரலுக்கு இந்த வீட்டில் இருக்கிற மதிப்பைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அக்டோபர் 14, திங்கள்

ரோராவை ‘பெண்ணை விற்பது’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. பட்டியலில் ‘மோம்பே யெயுமாய்’ என்று ஒன்று இருக்கிறது. அம்மாவின் பசு. உயிருள்ள பசுவாகத்தான் வர வேண்டும், அது அம்மாவுக்கே சொந்தம், கணவருக்கு அதில் உரிமை இல்லை. கன்று போட்டால் கன்றும் அவருடையதுதான்.

சுதந்திரத்துக்கு முன் இங்கே இருந்த வெள்ளையரின் ரொடீசிய ஆட்சிக்கு இது கண்ணில் படவில்லை. வழக்காற்றுச் சட்டம் என்ற பெயரில் கறுப்பினப் பெண்களை எத்தனை வயதானாலும் தகப்பனுக்கோ கணவனுக்கோ கீழ்ப்பட்ட மைனராகவே அதன் நீதிமன்றங்கள் நடத்தின. சுதந்திரம் வந்து இரண்டு வருடம் கழித்து, 1982இல் வந்த வயதுவரம்புச் சட்டம்தான் பதினெட்டு நிரம்பிய பெண்ணை முழு ஆளாக ஏற்றது. அதிலும் சறுக்கல். 1999இல் மகயா வழக்கில் உச்ச நீதிமன்றம் மகளை ஒதுக்கிவிட்டு அப்பாவின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த அவளுடைய தம்பியை வாரிசாக்கியது. வழக்காறே காரணமாகச் சொல்லப்பட்டது. பெண்ணின் உரிமையைப் பறிக்கும் வழக்காறு செல்லாது என்று 2013 அரசியலமைப்பு எழுதிய பிறகுதான் தரை கொஞ்சம் உறுதியானது. 2022 திருமணச் சட்டப்படி, ரோரா கொடுக்கவில்லை என்பது வயதுவந்த இருவரின் திருமணத்துக்குத் தடையாகாது. நல்ல சட்டம். தேதேயும் அப்படித்தான் சொல்கிறார், ரோராவையும் விட மாட்டேன் என்கிறார். அவர் சொல்வதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை.

அக்டோபர் 26, சனி, முரேவா

விடியற்காலையிலிருந்து சட்ஸா, அதாவது மக்காச்சோள மாவுக் களி. முதலில் மாவைக் கூழாகக் காய்ச்சி மூடிவைக்க வேண்டும். அது கொதித்துக் கையில் தெறிக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாவு போட்டு, நீளமான மரத் துடுப்பால் பானையின் ஓரத்தோடு சேர்த்து அழுத்தி அழுத்திக் கிண்ட வேண்டும். நடுவில் என் தோள் விட்டுப்போய், பக்கத்தில் இருந்த பெண் துடுப்பை வாங்கிக்கொண்டாள்.

சமையல் குடிசை வட்டமானது, கூரை புல். ஆண்களுக்கு ஒரு பக்கம் மண் திண்ணை, எதிர்ப்பக்கம் பெண்களுக்குப் பாய். வாசலுக்கு நேர் எதிரே சுவரோரம் சிக்குவா என்ற மண் மேடை. மண்பானைகள் அதில்தான் அடுக்கியிருக்கும். முன்னோரிடம் பேசுவதும் அங்கேதான், இந்த வீட்டில் யார் இறந்தாலும் உடலைக் கிடத்துவதும் அதன் அருகில்தான். அந்த மேடையின் முன்னால் பானை நகர்த்தும்போதுகூடப் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

மாப்பிள்ளைத் தரப்பின் தூதர் முன்யாய், குனிந்து கைதட்டிக்கொண்டே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். நாற்காலி கிடையாது. தாமதமாக வந்ததற்கு அபராதம். மரத்தட்டு வைத்ததும் வாய் திறப்பதற்கென்று ஒரு தொகை, பெண் இருப்பதை யார் சொன்னார் என்பதற்கு ஒரு தொகை. சின்ன வயதில் மகள் மடியில் ஏறி அப்பாவின் தாடியைப் பிடித்து இழுத்ததற்கும் ஒரு தொகை உண்டு! அதை வைத்தபோது அந்த அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

பெண்ணை அழைத்து, “இவர்களை உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்கள். “தெரியும்” என்று சொல்லித் தட்டிலிருந்து தனக்கான பணத்தை எடுத்துக்கொண்டாள். அவள் எடுக்கவில்லை என்றால் பேச்சு மேலே நகராது. குலவைச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது.

ருசாம்போ முழுவதும் வரவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. மருமகன் அத்திமரம், தின்று தீராது என்பது இங்கே பழமொழி. உறவு ஒரே நாளில் கணக்குத் தீர்ந்துபோகக் கூடாது என்பது எண்ணம்.

அக்டோபர் 27, ஞாயிறு

காலையில் கிளம்பும்போது மணப்பெண்ணின் அம்மா, “ஹராரேவில் இருப்பது தங்குமிடம், வீடு இதுதான்” என்றார். இத்தனை வருடம் நகரத்தில் இருந்துவிட்டு ஏன் இப்படி? 1930 நில ஒதுக்கீட்டுச் சட்டம் நல்ல நிலங்களை வெள்ளையருக்கு ஒதுக்கி, கறுப்பின மக்களை ஒதுக்குப்புறங்களுக்குத் தள்ளியது. 1946 சட்டம் நகரத்தில் அவர்கள் தங்குவதை வேலையோடு கட்டியது. ஹராரேவின் ம்பாரே பகுதியில் இன்றும் நிற்கிற மதாப்பி கட்டடங்கள் குடும்பமில்லாத ஆண் தொழிலாளர்களுக்காகக் கட்டியவை. நகரம் இவர்களை வாடகைக்கு வந்தவர்களாகவே வைத்திருந்தது. ஊரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதில் பழமைப் பற்று மட்டும் இல்லை.

நவம்பர் 9, சனி

ம்புட்சி மாதம் பிறந்ததும் தெரு அடங்கிவிட்டது. அம்மாவின் பசு மட்டும் பாக்கி. எல் நினோ வறட்சியில் இந்த வருடம் மாடுகள் ஏராளமாகச் செத்தன. ஏப்ரலில் தேசியப் பேரிடர் என்றே அறிவித்தார்கள். நல்ல கிடாரி கிடைப்பது கஷ்டம், பணமாகவே தந்துவிடுகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து கேட்டு அனுப்பினார்கள். கணவருக்குச் சம்மதம். அம்மா ஒப்பவே இல்லை. “பணத்தை வாங்கினால் நாளைக்கே பள்ளிக் கட்டணம், மாவு என்று கரைந்துவிடும். அப்புறம் என் பெயரில் என்ன இருக்கும்?” என்று கேட்டார்.

டிசம்பரில் கிடாரியை ஓட்டி வருவதாக முன்யாய் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஊரில் கொட்டிலின் ஒரு பக்க வேலி விழுந்து கிடக்கிறதாம். அடுத்த வாரம் ஆள் வைத்துக் கட்டச் சொல்லி அம்மா தம்பிக்குப் பணம் அனுப்பிவிட்டார்.