முடுக்கம் வினாக்கள்: சமன்பாட்டுக்கு முன் இரண்டு அம்புக்குறிகள்

தேர்வு முடிவு வெளியாகி, இயற்பியலில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே மதிப்பெண் கிடைத்த நிம்மதியில் இதை எழுதுகிறேன். தாளின் அமைப்பும் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் முறையும் உங்களுக்கே தெரியும் என்பதால் அவற்றைத் தொடப்போவதில்லை. வேகம், திசைவேகம், முடுக்கம் ஆகிய மூன்றையும் கலந்து கேட்கும் வினாக்களில் எனக்குக் கைகொடுத்த ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதற்கு நான் தரும் இடம் சிலருக்கு மிகையாகத் தோன்றலாம்.

எந்தச் சமன்பாட்டையும் எழுதுவதற்கு முன், பொருள் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து திசைவேகத்துக்கு ஓர் அம்புக்குறியும் முடுக்கத்துக்கு ஓர் அம்புக்குறியும் வரைந்துவிடுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருந்தால் வேகம் கூடுகிறது. அதிகமாக இருந்தால் வேகம் குறைகிறது. சரியாக 90 பாகை என்றால் அந்தக் கணத்தில் வேகம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை, இயக்கத்தின் திசை மட்டும் திரும்புகிறது. திசைவேகம் மாறும் வீதமே முடுக்கம் என்று எல்லோரும் ஒப்பிக்கிறோம். ஆனால் திசைவேகத்துக்கு அளவும் (அதுவே வேகம்) திசையும் உண்டு, அவற்றில் எது மாறினாலும் முடுக்கம் இருக்கிறது என்பது படம் வரையும்போதுதான் உறைக்கிறது. இந்தக் கணக்கில், காரின் ஆக்சிலரேட்டர் மட்டுமல்ல, பிரேக்கும் ஸ்டியரிங்கும்கூட முடுக்கம் தரும் கருவிகளே.

“முடுக்கம் எதிர்க்குறி என்றால் பொருள் மெதுவாகிறது” என்னும் வரியைச் சில குறுக்குவழிக் குறிப்புகளில் கட்டம் கட்டியே அச்சிடுகிறார்கள். இந்தப் பாடத்தில் இதைவிடக் கேடு செய்யும் வரி வேறில்லை என்பது என் எண்ணம். குறி என்பது நாம் எந்தத் திசையை நேர்த்திசையாக எடுத்துக்கொண்டோம் என்பதைப் பொறுத்தது. திசைவேகம் −5 மீ/வி, முடுக்கம் −2 மீ/வி² எனில் ஒரு வினாடி கழித்துத் திசைவேகம் −7 மீ/வி. அதாவது வேகம் 5 மீ/வி-யிலிருந்து 7 மீ/வி-யாகக் கூடியிருக்கிறது. நேர்க்கோட்டு இயக்கத்தில் இரண்டின் குறிகளும் ஒத்திருந்தால் வேகம் கூடும், மாறுபட்டால் குறையும். திசைவேகம்–நேரம் வரைபடம் கொடுத்தாலும் இதே கதைதான்: கோடு நேர அச்சைவிட்டு விலகிப் போகும் பகுதிகளில், அது மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், வேகம் கூடுகிறது.

செங்குத்தாக மேலே எறிந்த பந்து எளிதென்று தள்ளிவிடாதீர்கள். 20 மீ/வி வேகத்தில் எறிந்து, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்று கொண்டால், 2ஆம் வினாடி முடிவில் பந்தின் வேகம் சுழி. ஆனால் முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 10 மீ/வி²-ஆகவே இருக்கிறது. அந்த உச்சியில் முடுக்கமும் சுழியாகிவிட்டால் பந்து அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான்! சாய்வாக எறிந்த பொருள் இன்னும் நல்ல பயிற்சி: முடுக்கம் முழுப் பாதையிலும் மாறாமல் இருக்க, ஏறும்போது விரிகோணம், உச்சியில் செங்கோணம், இறங்கும்போது குறுங்கோணம் என்று மூன்று நிலைகளும் ஒரே படத்தில் வந்துவிடுகின்றன. முடுக்கம் மாறிலி என்றால் பாதை நேர்க்கோடு என்று கூறும் கூற்று–காரண வினாக்களை இந்த ஒரு படமே தீர்த்துவிடும்.

நான் நிதானமாகப் படிக்கும் இயல்புடையவன். மாதிரித் தாள்களை அடுக்கடுக்காக எழுதித் தள்ளுவது எனக்கு ஒத்துவரவில்லை. அதனால் ஒரே கணக்கைப் பல கோணங்களில் திருப்பிப் பார்த்தேன். விரைந்து எழுதிப் பழகியவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். கடைசி வாரத்தில் நான் திரும்பப் பார்த்தவை:

- தொடக்கத் திசைவேகம் 10 மீ/வி, முடுக்கம் −4 மீ/வி², நேரம் 4 வினாடி. இடப்பெயர்ச்சி 8 மீ. கடந்த தொலைவோ 17 மீ. பொருள் 2.5 வினாடியில் நின்று திரும்புகிறது என்பதைக் கவனிக்காதவர்கள் 8 மீ-யையே தொலைவென்று எழுதுவார்கள்.
- தனி ஊசலில் குண்டு விளிம்பு நிலையில் இருக்கும்போது வேகம் சுழி, முடுக்கம் பாதையின் தொடுகோட்டில். தாழ்புள்ளியில் வேகம் பெருமம், முடுக்கம் நூல் வழியே மேல்நோக்கி. எந்த இடத்திலும் முடுக்கம் சுழி ஆவதில்லை.
- சீரான வட்ட இயக்கத்தில் முடுக்கத்தின் அளவு மாறாது, திசை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே “முடுக்கம் மாறிலி” என்பது தவறு.
- அலகுகள்.

வளைவுப் பாதையில் வேகமும் கூடிக்கொண்டிருக்கும் வினாக்களுக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். 25 மீ ஆரமுள்ள வளைவில் ஒரு வண்டியின் வேகம் 10 மீ/வி-யாக இருக்கும் கணத்தில் மையநோக்கு முடுக்கம் (வளைவின் மையத்தை நோக்கியது, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது) 4 மீ/வி². அதே கணத்தில் வேகம் வினாடிக்கு 3 மீ/வி வீதம் கூடுகிறது என்றால், தொடுகோட்டு முடுக்கம் 3 மீ/வி². இவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் மொத்த முடுக்கம் 5 மீ/வி². “வேகம் மாறும் வீதம்” என்று கேட்டால் விடை 3, “முடுக்கத்தின் அளவு” என்று கேட்டால் விடை 5. விடைத்தெரிவுகளில் 3, 4, 5, 7 ஆகிய நான்குமே இருக்கும். கேள்வியின் கடைசிச் சொற்களை அடிக்கோடிட்ட பிறகே வட்டத்தை நிரப்புங்கள்.