பீடிங் ஆணி உள்ளே இறங்கவில்லையா? பிரஷரை ஏற்றும் முன் இதைப் பாருங்கள்

பீடிங் (விளிம்பில் பதிக்கும் மெல்லிய மரச் சட்டம்) அடிக்கும் கன்னில், அதாவது காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் கருவியில், ஆணித் தலை வெளியே நின்றால் உடனே ரெகுலேட்டரைத் திருகிப் பிரஷரை ஏற்றிவிடுகிறார்கள். சில நேரம் அது சரி, பல நேரம் அது கன்னுக்குத்தான் கேடு. எஃப்30 போன்ற 18 கேஜ் (ஆணியின் தடிமனைக் குறிக்கும் எண்) கன்னை வைத்தே சொல்கிறேன். பிளைவுட் வேலையில் அதுதான் அதிகம் புழங்குகிறது.

ஆணியை இறக்கும் வேகத்தைக் கொடுப்பது காற்று. உள்ளிருந்து ஆணியைத் தள்ளும் பிளேடு, கன்னின் மூக்கைத் (ஆணி வெளிவரும் முனை) தாண்டி எவ்வளவு வெளியே வரும் என்பதைக் கட்டுப்படுத்துவது ஆழச் சக்கரம். தேக்கில் ஆணி பாதியில் நின்றால் வேகம் போதவில்லை என்று பொருள். சக்கரத்தை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. எம்.டி.எஃப்.பில் (மரத்தூள் நாரை அழுத்திச் செய்த பலகை) தலை 3 மி.மீ. புதைந்தால் வேகம் மிஞ்சிவிட்டது. அங்கே சக்கரம் உதவும். சக்கரம் இல்லாத கன்னில் பிரஷரைக் குறைப்பது ஒன்றே வழி.

வேலைக்கு எடுத்த அதே மரத்தின் துண்டில் 70 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அழுத்தத்தில் தொடங்குங்கள். ஐந்தைந்தாக ஏற்றி, தலை ஒரு மி.மீ. அளவுக்கு உள்ளே போனதும் நிறுத்துங்கள். பட்டி வைக்க அது போதும். கன்னில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டவே கூடாது. தாண்டினால் முதலில் அடிவாங்குவது பிளேடு இறங்கும் வேகத்தைத் தாங்கி நிறுத்த உள்ளே இருக்கும் ரப்பர் பம்பர். அது உடைந்துவிட்டால் பிளேடு இன்னும் ஆழமாக வந்து மரத்தில் குழி போடும்.

நிதானமாக அடித்தால் எல்லாம் இறங்குகிறது, வேகமாக அடித்தால் நாலாவது ஐந்தாவது ஆணி நிற்கிறதா? காற்று வந்து சேரவில்லை. கம்ப்ரசரில் இருக்கும் மீட்டர் கன் பக்கத்து அழுத்தத்தைக் காட்டாது. 8 மி.மீ. பி.யு. (பாலியூரித்தேன்) ஹோஸின், அதாவது காற்றுக் குழாயின், உள்துளை பெரும்பாலும் 5 மி.மீ.தான், அதை நீளமாக இழுத்தால் அழுத்தம் வழியிலேயே குறையும். ஹோஸைச் சுருக்குங்கள், அல்லது உள்துளை 8 மி.மீ. உள்ளதைப் போடுங்கள். ஹோஸை இணைக்கும் கப்ளர் மூட்டுகளில் சோப்பு நீர் தடவினால் கசிவு தெரியும்.

காற்று சரியாக இருந்தும் ஒன்று புதைந்து ஒன்று நின்றால், பிடியைக் கவனியுங்கள். சுடும்போது கன் பின்னால் உதறும். கை தளர்ந்தால் மூக்கு மேலே எழும்பி, அந்த அளவுக்கு ஆணி வெளியே நிற்கும். மூக்கு மரத்தில் முழுக்கப் பதிய அழுத்தி, விசையை விட்ட பிறகே கன்னை எடுங்கள்.

பிடியும் சரி என்றால் ஹோஸைக் கழற்றிவிட்டு மூக்கைத் திறந்து பிளேடு நுனியைப் பாருங்கள். அது உருண்டு தேய்ந்திருந்தால் ஆணித் தலையிலிருந்து வழுக்கி, பக்கத்தில் பிறை வடிவத் தடம் விடும். நுனியை அரத்தால் சமன் செய்யலாம், ஆனால் அதிகம் தேய்த்தால் பிளேடு குட்டையாகிவிடும், மாற்றுவதே நல்லது. பிளேடைத் தள்ளும் பிஸ்டனின் ஓ ரிங் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) காய்ந்தாலும் வேகம் போகும். வேலை தொடங்கும் முன் காற்று நுழையும் துளையில் நியூமேட்டிக் ஆயில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். கம்ப்ரசர் டேங்கில் தேங்கும் தண்ணீரையும் தினமும் வடித்துவிட வேண்டும், மழைக்காலத்தில் கட்டாயமாக.

ஆணி நீளமும் முக்கியம். 9 மி.மீ. பீடிங்குக்கு 25 மி.மீ. போதும். பழைய தேக்கில் 30 மி.மீ. ஆணி இறங்குவதற்குள் வளையக்கூடும்.

ஏற்கெனவே சற்று வெளியே நிற்பதை நெயில் பஞ்ச் (ஆணித் தலையில் வைத்து அடிக்கும் சிறு இரும்புக் கம்பி) வைத்துச் சுத்தியால் இறக்குங்கள். அதன் மேலேயே மறுபடி சுட்டால் ஆணி தெறித்துக் கண்ணைப் பதம்பார்க்கும்.