வேலை போன மறு மாதம் வந்த வயிற்றுவலி

ஹூஸ்டனில் என் கணவருக்கு வேலை போன மறு மாதம், நடு ராத்திரியில் அடிவயிற்றில் வலி. வலது பக்கம். நிமிர்ந்து நிற்கக்கூட முடியவில்லை. "இன்சூரன்ஸ் இல்லாம எமர்ஜென்சியா? காலையில பாத்துக்கலாம்" என்று சோபாவில் சுருண்டவரை இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

அமெரிக்காவிலேயே இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் விகிதம் அதிகமுள்ள மாநிலம் டெக்சாஸ். எமர்ஜென்சியில் எங்களுக்கு முன்னால் நின்றவர், துண்டு சுற்றிய கையில் ரத்தம் கசியக் கசிய, "தையல் போட எவ்வளவு ஆகும்?" என்றுதான் நர்ஸிடம் முதலில் கேட்டார். கேட்ட எனக்கு வயிறு எரிந்தது.

யாரும் வாசலோடு திரும்ப வேண்டியதில்லை. 1986இல் வந்த எம்டாலா சட்டப்படி, மெடிகேர் என்ற, முக்கியமாக முதியோருக்கான அரசு இன்சூரன்ஸில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளின் எமர்ஜென்சிக்கு யார் வந்தாலும் பரிசோதிக்க வேண்டும்; உடனடி வைத்தியம் தேவைப்படும் அவசர நிலை என்றால் நிலைமை சீராகும்வரை வைத்தியம் பார்க்க வேண்டும். எங்களிடமும் ரத்தம் எடுத்து, ஸ்கேனுக்கு எழுதிய பிறகுதான் ஒரு பெண் கம்ப்யூட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து இன்சூரன்ஸ் கேட்டார். இல்லை என்றேன். "செல்ஃப் பே", அதாவது கைப்பணம் கட்டுபவர், என்று தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். குடல்வால் வீங்கியிருந்தது. விடிவதற்குள் ஆபரேஷன் முடிந்தது.

இலவசம் இல்லை, பில் வரும். மருத்துவமனைக்கு, சர்ஜனுக்கு, மயக்க மருந்து கொடுத்தவருக்கு, ஸ்கேன் பார்த்துச் சொன்னவருக்கு என்று தனித்தனியாக வந்துகொண்டே இருக்கும்.

எங்களைக் காப்பாற்றியது கோப்ரா என்ற சட்டம். 20 ஊழியர்களுக்குக் குறையாத கம்பெனி என்றால், வேலை போன பிறகும் பழைய இன்சூரன்ஸை, கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து முழு பிரீமியம் கட்டித் தொடரலாம். அந்தத் தொகையைப் பார்த்ததுமே பலர், அதைத் தெரிவித்து வரும் கடிதத்தை மடித்து வைத்துவிடுவார்கள். ஆனால் முடிவெடுக்கக் குறைந்தது 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் சேர்ந்து பிரீமியத்தையும் கட்டிவிட்டால், இன்சூரன்ஸ் நின்ற நாளிலிருந்தே செல்லும். ஆபரேஷனுக்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். பில்கள் எல்லாம் இன்சூரன்ஸுக்குப் போயின.

கோப்ராவும் இல்லாதவர்கள், மருத்துவமனை லாபநோக்கற்றதா என்று முதலில் பாருங்கள். ஆமென்றால் அங்கே நிதியுதவித் திட்டம் இருந்தே ஆக வேண்டும். முதல் பில் வந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். யாருக்கு, எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். கிரெடிட் கார்டை எடுப்பதற்கு முன் அந்த விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள்.