டிக்கெட் இல்லாமல் வார்சாவில் நான்கு நாள்

போலந்தின் தலைநகர் வார்சாவின் நடைபாதைகளில் ஆங்காங்கே கருங்கல் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். ஓரத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் போலந்து இசைமேதை ஷோபானின் பியானோ இசை கொஞ்ச நேரம் ஒலிக்கும். மழை நனைத்த பெஞ்சில் உட்கார மனமில்லாமல், குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மூன்று முறை அழுத்தினேன். நான் கண்டம் தாண்டி வந்தது இந்தப் பொத்தானுக்காக அல்ல. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஷோபான் சர்வதேசப் பியானோ போட்டிக்காக. 2025 அக்டோபரில் நடந்தது 19ஆவது போட்டி. டிக்கெட்டெல்லாம் எப்போதோ விற்றுத் தீர்ந்திருந்தது. ஊரிலாவது இருப்போமே என்று கிளம்பிவிட்டேன்.

போய்ச் சேர்ந்தது 17ஆம் தேதி. அது ஷோபான் இறந்த நாள், அன்று போட்டிக்கு விடுமுறை. திருச்சிலுவை தேவாலயத்துக்குப் போனேன். உடல் பாரிஸில் அடக்கமாகியிருக்க, இதயம் மட்டும் இங்கே ஒரு தூணுக்குள் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் அக்கா லுத்விகா. தூணடியில் பூங்கொத்துகள் குவிந்திருந்தன. அவற்றை மிதித்துவிடாமல் ஒரு மூதாட்டி பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போய்த் தூணைத் தொட்டார்.

மறுநாள் தொடங்கி மூன்று மாலை இறுதிச் சுற்று. பதினோரு பேர். வழக்கமாக, இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் கான்செர்டோ ஒன்றை வாசித்தால் போதும். இம்முறை அதற்கு முன் ஷோபானின் ‘பொலனேஸ்-ஃபான்டஸி’ என்ற படைப்பைத் தனியாக வாசிக்க வேண்டும் என்று புது விதி. விரல் வேகம் அங்கே உதவாது. எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் மௌனமாக இருப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். நல்ல விதி என்பேன். தங்கியிருந்த அறையில் சூப்பை ஆறவிட்டு, நேரலையில்தான் கேட்டேன்.

ஷோபானின் பியானோ கான்செர்டோ இரண்டுதான், ஒன்று ஈ மைனர் சுருதியில், மற்றது எஃப் மைனரில். பெரும்பாலானோர் ஈ மைனரை எடுப்பார்கள். அது கம்பீரமானது, கைதட்டல் வாங்கித் தரும். எஃப் மைனருக்கு எண் இரண்டு என்றாலும் ஷோபான் முதலில் எழுதியது அதைத்தான். பின்னால் அச்சேறியதால் எண் மாறிப்போயிற்று. இரண்டையும் 1830இல் இதே ஊரில் அரங்கேற்றினார். அந்த நவம்பரில் வார்சாவை விட்டுப் புறப்பட்டவர் திரும்பவே இல்லை. எஃப் மைனரின் நடுப்பகுதியைப் போட்டியாளர் எரிக் லூ வாசித்தபோது சூப்பை அடியோடு மறந்துவிட்டேன்.

ஆனாலும் என் பந்தயம் கனடாவின் கெவின் சென் மீதுதான். லூ 2015இல் இதே மேடையில் நான்காம் இடம் பெற்றவர், 2018இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பியானோ போட்டியை வென்றவர். இவருக்கு மறுபடியும் எதற்கு என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

20ஆம் தேதி இரவு, போட்டி நடந்த ஃபிலார்மோனிக் கூடத்தின் வெளியே குளிரில் நின்றோம். நள்ளிரவு தாண்டியும் நடுவர்கள் வரவில்லை. 1932இல் இருவர் சமமாக நிற்க, முதலிடத்தைக் காசு சுண்டித் தீர்மானித்தார்களாம். இன்றும் சுண்டிவிட்டால் போய்த் தூங்கலாமே என்றார் பக்கத்திலிருந்தவர்.

ஒருவழியாக அறிவிப்பு வந்தது. ஒவ்வொருவர் கைபேசியிலும் நேரலை சில விநாடி முன்பின்னாக ஓடியதால், ஒரே பெயர் கூட்டத்தில் மூன்று நான்கு முறை கேட்டது. என்னருகே மலேசிய மாணவி ஒருத்தி. ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவள் நாட்டு வின்சென்ட் ஓங்கும் ஒருவர். என் கைபேசியில் அந்தப் பெயரைக் கேட்டுத் துள்ளினாள். தன் கைபேசியில் வந்தபோது மறுபடியும் துள்ளினாள். மூன்றாமிடம் சீனாவின் ஜிடோங் வாங். கெவின் சென்னுக்கு இரண்டாமிடம். முதலிடமும் 60,000 யூரோவும் அமெரிக்காவின் எரிக் லூவுக்கு. எஃப் மைனரை வாசித்து ஒருவர் வென்றது 1980இல் வியட்நாமின் டாங் தாய் சோனுக்குப் பிறகு இப்போதுதான்.

பந்தயத்தில் தோற்ற எனக்கு அந்த மாணவி பாதிச் சாக்லேட்டை உடைத்துக் கொடுத்தாள். குளிரில் கல்லாய் இறுகியிருந்தது.