காயத்தில் முதலில் குடியேறுவது யார்?

சென்ற வாரம் வாங்கிய சாத்துக்குடிகளில் ஒன்று கூடையின் அடியில் கெட்டுக் கிடந்தது. தோலில் நகம் பட்டதுபோல் ஒரு சிறு கீறல். அதைச் சுற்றித் தோல் நீர்கோத்து இளகி, வெள்ளைப் பூசணம் வட்டமாகப் படர்ந்து, நடுவில் பச்சைப் பொடி அப்பியிருந்தது. பெனிசிலியம் டிஜிடேட்டம் என்னும் இந்தப் பூஞ்சை பெரும்பாலும் காயத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. ஆகவே, அந்தக் காயத்தில் யார் முதலில் குடியேறுகிறார்கள் என்பதே பழத்தின் விதியைத் தீர்மானிக்கிறது.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் வில்சனும் இஸ்ரேலிய ஆய்வாளர் எடோ ஹலூட்ஸும் ஆரஞ்சு வகைப் பழங்களைக் கழுவிய நீரை, நுண்ணுயிர் வளர்க்க உதவும் கூழ் பரப்பிய அகார் தட்டுகளில் ஊற்றி வளர்த்தார்கள். செறிந்த நீரை ஊற்றிய தட்டுகளில் ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் மட்டுமே வளர்ந்தன. அதே நீரை நீர்க்கச் செய்து ஊற்றியபோதுதான் அழுகல் பூஞ்சைகள் தலைகாட்டின. பூஞ்சை முதலிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது, கூட்டமாக இருந்த அண்டை உயிர்கள் அதைத் தலையெடுக்க விடவில்லை என்பதை இவ்வளவு எளிய சோதனை காட்டிவிட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஈஸ்டின் முதல் ஆயுதம் பசிதான். காயத்தில் கசியும் சர்க்கரையையும் நைட்ரஜன் சத்தையும் உண்டு அது விரைவாகப் பெருகுவதால், அதே சத்தை நம்பி முளைக்க வேண்டிய பூஞ்சை வித்து பட்டினி கிடக்கிறது. மெட்ஷ்னிகோவியா புல்செரிமா என்னும் ஈஸ்ட் சுற்றியுள்ள இரும்பையும் செந்நிற நிறமியாகக் கட்டி முடக்கிவிடுகிறது. பிச்சியா கில்லியர்மாண்டியின் செல்களோ பூஞ்சை இழையின்மீதே இறுக ஒட்டிக்கொள்கின்றன; அவற்றை அகற்றிவிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒட்டியிருந்த இடங்களில் இழையின் சுவர் குழிந்து அரிக்கப்பட்டிருப்பது தெரியும்.

தக்காளியின் தோலிலிருந்து பிரித்தெடுத்த கேண்டிடா ஓலியோஃபிலா என்னும் ஈஸ்ட், பழ அழுகலைத் தடுக்கும் விற்பனைப் பொருளாக 1995இல் ஆஸ்பயர் என்ற பெயரில் அமெரிக்காவில் பதிவு பெற்றது. பூஞ்சைக்கொல்லியைக் குறைந்த அளவில் சேர்த்தபோது அது இன்னும் நன்றாக வேலை செய்தது. ஆனாலும் சந்தையில் அதனால் நிலைக்க முடியவில்லை. ஏற்கெனவே வேர்கொண்ட தொற்றை ஈஸ்டால் குணப்படுத்த முடியாது. ஈஸ்ட் காவலாளியே அன்றி மருத்துவர் அல்ல என்பதால், இரசாயன மருந்துக்கு வைக்கும் அளவுகோலை அதற்கும் வைப்பது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன். பறித்த பழத்தின் காயம் புதிதாக இருக்கும்போதே, வித்து முளைவிடும் முன்பாக, ஈஸ்ட் கரைசலில் முக்கி எடுப்பதுதான் இம்முறையின் உயிர்.

அதனால்தான் நம் மாம்பழத்தில் கரும்புள்ளிகளை உண்டாக்கும் ஆந்த்ரக்னோஸ் என்னும் பூஞ்சை நோய்க்கு இது எளிதில் கைகொடுப்பதில்லை. அந்தப் பூஞ்சை காயத்துக்காகக் காத்திருப்பதில்லை. பிஞ்சிலேயே தோலுக்குள் புகுந்து, காய் பழுக்கும்வரை ஓசையின்றி உறங்கிக் கிடக்கிறது.